ரேடியோக்காவுக்குக் காது டெஸ்ட்

— முதல்ல அந்த மாஸ்க்கைக் கழட்டுங்க கண்ணு. மூஞ்சியை மூடிக்கிட்டு முணுமுணுன்னா எனக்கு என்ன விளங்கும்? காது பார்க்குறவங்களே வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்தா எப்படி?

— கழட்டிட்டேன் அக்கா. இப்ப சரியா?

— ஆங், இப்பத்தான் மனுஷங்க பேசுற மாதிரி இருக்கு. கேளுங்க.

— வயசு கேட்டேன்.

— அம்பத்தி மூணு. ஃபாரத்துல நாப்பத்தொம்பதுன்னு விழுந்தாலும் நான் வந்து சண்டை போட மாட்டேன்.

— அம்பத்தி மூணே போட்டுட்டேன். வேலை?

— தறி ஷெட். உங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி புகைபோக்கி தெரியுதே, அதே மில்லுதான். முப்பத்தோரு வருஷம். ஒரே கூரைக்குக் கீழ முந்நூறு தறி கண்ணு! எல்லாம் ஒண்ணா அடிக்கிறப்ப டம்ளர்ல இருக்குற தண்ணி கூட நடுங்கும். என் தறி ஓடுதா நிக்குதான்னு நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். கையை வச்சாப் போதும், சொல்லிடுவேன்.

— அண்ணி, பையை வெளியவே விட்டுட்டு வந்துட்டீங்க.

— புதுசா வர்ற பொண்ணுங்க முதல் நாள் அந்தச் சத்தத்துல அழுவாங்க. நான் அழல. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது தாலாட்டு மாதிரி.

— அண்ணி! பை!

— பத்து நாள்ல பழகிடும். பழகிட்டா அப்புறம் வீட்டுல படுத்தாத்தான் தூக்கம் வராது...

— ஒரு நிமிஷம் அக்கா. உங்க பின்னாடி கூப்பிடுறாங்க.

— பின்னாடியா? அட, இவளா! என் நாத்தனார் கண்ணு. வீட்டுக்காரரோட கடைசித் தங்கச்சி. எனக்குப் பக்கத்துத் தறி. எப்பவும் இப்படித்தான், பூனை மாதிரி வந்து பின்னாடி நிப்பா. வாயைத் திறந்து கூப்பிட்டா முத்தா உதிர்ந்துடும்?

— ரெண்டு தடவை கூப்பிட்டேன் அண்ணி.

— கூப்பிட்டாளாம். மனசுக்குள்ள கூப்பிட்டிருப்பா. பையை வச்சிட்டுப் போ.

— டெஸ்ட் எடுக்குற அம்மா, நான் வராந்தா பெஞ்சுலதான் இருப்பேன். மில்லுல இருந்து டைம் ஆபீஸ்காரரும் வந்திருக்காரு, ரிப்போர்ட்டைக் கையோட வாங்கிட்டுப் போகணுமாம். எங்க அண்ணியைக் கொஞ்சம் பொறுமையாப் பாருங்க.

— பார்க்குறேன். நீங்க போய் உக்காருங்க.

— போனாளா? கதவைச் சாத்திட்டாளா? நமக்கெதுக்கு வம்பு கண்ணு, ஆனா சொல்லாம இருக்க முடியல. நான் இன்னிக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்னா அதுக்கு இவதான் காரணம். டைம் ஆபீஸ்ல போய், எங்க அண்ணி காதைச் செக் பண்ணுங்கன்னு இவளே வத்தி வச்சிருக்கா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஆபீஸ் ரூம்ல அவ பேசினதைக் கேட்டேன். நான் முற்றத்துல நின்னுக்கிட்டிருந்தேன், அவ ஜன்னலுக்கு உள்ள. ‘அண்ணிக்குக் காது’ வரைக்கும் கேட்டுச்சு, அப்புறம் எவனோ ஜன்னல் கதவுல சாஞ்சிட்டான். இன்னொண்ணு தெரியுமா? போன மாசம் ஷெட்டுல சும்மா நின்ன என்னைப் புடிச்சு இழுத்துக் கீழ தள்ளினா. முழங்கை சிராய்ச்சு இத்தனை நீளத்துக்குத் தோல் போச்சு. கேட்டா அழுறா. ஜன்னலோரம் என் தறி, காத்து வரும். அவளுக்கு அது மேல ஒரு கண்ணு. வேற என்ன?

— டெஸ்ட்ல குறைன்னு வந்தா என்ன பண்ணுவாங்களாம்?

— மடிப்பு செக்‌ஷனுக்கு அனுப்பிடுவாங்க. கண்ணு, அது மட்டும் வேண்டாம். நீங்க வேற எது வேணும்னாலும் எழுதுங்க, கொழுப்பு இருக்குன்னு எழுதுங்க, வாய் நீளம்னு எழுதுங்க. மடிப்புக்கு மட்டும் அனுப்பாதீங்க. கை சுளுக்கினப்ப ஒரு வாரம் அங்க போட்டாங்க. இழவு வீடு தேவலாம். நாப்பது பேரும் சுவத்தைப் பார்த்து உக்காந்து துணி மடிப்பாங்க, ஒருத்தி முதுகுக்குப் பின்னாடி இன்னொருத்தி முதுகு. ஒருத்தி வாயைத் திறக்கணுமே! ஒரு வாரம் முழுக்க ஒரு சொல்லு என் காதுல விழல. எட்டாவது நாள் நான் சுவத்தோட பேச ஆரம்பிச்சிருப்பேன்.

— மடிப்பு செக்‌ஷன்காரங்க போன வாரம்தான் டெஸ்ட்டுக்கு வந்தாங்க. பேச்சை நிறுத்த வைக்கவே முடியல. வேலை நேரம் பூரா ரேடியோவுல பாட்டு ஓடும், நாங்களும் கூடவே பாடுவோம்னாங்க.

— அவங்களா? பாட்டா? அளக்குறாங்க கண்ணு. அந்த ஒரு வாரம் அங்க இருந்த ஒரே ரேடியோ நான்தான். கேக்க நாதியில்ல.

— நீங்க ரேடியோவா?

— ஷெட்டுல என் பேரே அதுதான். ரேடியோக்கா. அந்தக் கோடியில ஒருத்தி மாமியாரைத் திட்டினா இந்தக் கோடியில எனக்கு வந்து சேர்ந்துடும். சாப்பாட்டு மணிக்குள்ள எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடும்.

— முந்நூறு தறி அடிக்கிறப்பவா?

— அடிக்கிறப்பத்தான். இங்க கூடப் பாருங்க, இப்ப ஹால்ல உக்காந்திருந்தேனே. எதிர் ரூம்ல எலும்பு டாக்டர், மருந்து கொடுக்குறவர்கிட்ட சொல்றாரு, ‘எனக்கே இடுப்பு புடிச்சிருக்கு, நல்ல தைலமா ஒண்ணு கொடு, வெளிய சொல்லிடாத’ன்னு. நமக்கெதுக்கு வம்பு.

— அந்த ரூம் சாத்தியே இருக்குமே அக்கா.

— கண்ணாடிக் கதவுதானே! இரும்பா? தெளிவாக் கேட்டுச்சு. இப்ப சொல்லுங்க, என் காதுக்கு என்ன குறை? வீட்டுல டிவியும் போனும் சரியில்ல. போன்ல எவன் பேசினாலும் கொர கொரன்னு ஒரே இரைச்சல். எங்க வீட்டுக்காரர் மீசையைத் தொங்க விட்டுட்டு முழுங்கி முழுங்கிப் பேசுவாரு. அதுக்கெல்லாம் என் காதா பொறுப்பு?

— பார்த்துடலாம். இது துணி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பின ஃபாரம். இங்கிலீஷ்ல இருக்கு. இதுல ரெண்டு கட்டம் முக்கியம். மேல ‘ஹியர்’, கீழ ‘லிசன்’. ரெண்டுலயும் ஆமா, இல்லைன்னு நான் எழுதணும்.

— அப்படின்னா என்ன?

— ஹியர்னா கேக்குறது. லிசன்னாலும் கேக்குறது.

— ஒரே வேலைக்கு ரெண்டு கட்டமா? அவங்க ஊர்ல காகிதம் மலிவு போல.

— ஒரே வேலை இல்ல அக்கா. தெருவுல லாரி போகுது. நீங்க கேக்கணும்னு நினைக்கல, ஆனாலும் காதுல விழுது. அது ஹியர். அதுவா நடக்குறது. லிசன் அப்படி இல்ல. பக்கத்து வீட்டுல சண்டை, நீங்க கையில இருக்குற வேலையைப் போட்டுட்டு...

— சுவத்துல காதை வைக்கிறேன்.

— அதேதான். அது லிசன். நீங்களாச் செய்யுறது.

— அட! அப்ப ஒண்ணு காதுக்கு வர்றது, இன்னொண்ணு காதை அனுப்புறது.

— அழகாச் சொன்னீங்க. அதனாலதான் லிசன் தனியாப் போகாது, பின்னாடி ஒரு ‘டு’ போடணும். ‘லிசன் மீ’ன்னா தப்பு. ‘லிசன் டு மீ’. யாரை நோக்கிக் காதை அனுப்புறோம்னு வழி காட்டுற மாதிரி. ஹியருக்கு அது வேண்டாம், ‘ஐ ஹியர் யூ’, முடிஞ்சுது.

— எங்க வீட்டுக்காரர் மாதிரி. கடைக்கு அனுப்புனாலும் கூட ஒரு ஆள் வேணும்.

— இன்னொண்ணு. ‘லிசன்’னு ஒருத்தருக்குக் கட்டளை போடலாம். ‘ஹியர்’னு கட்டளை போடுறது வழக்கமில்ல. காதுல விழுன்னு யாரை அதட்ட முடியும்?

— முடியாதுதான். விழுறது விழும், விழாதது விழாது. சும்மா சொல்லக்கூடாது கண்ணு, யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான். நம்ம ஆளுங்க இதையெல்லாம் யோசிக்காம ரெண்டுக்கும் ஒரே ‘கேக்குது’ன்னு விட்டுட்டாங்களே.

— நானும் படிக்கிறப்ப அப்படித்தான் நினைச்சேன்.

— இருங்க, இருங்க. நாத்தனார் திட்டுறது எனக்குக் கேக்குது. ஆனா நான் கேக்குறதில்ல.

— என்ன சொன்னீங்க?

— எனக்குக் கேக்குது. நான் கேக்குறேன். எனக்கு, நான். அடி ஆத்தி! நம்மகிட்டயும் ரெண்டும் இருக்கே! ‘எனக்கு’ன்னா அதுவா வருது, பசிக்குது குளிருதுங்குற மாதிரி. ‘நான்’னா நானாச் செய்யுறேன். பொறந்ததுல இருந்து வாயிலயே வச்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் தெரியாதே!

— எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு அக்கா. நாலு வருஷம் படிச்சேன், யாரும் எனக்கு இப்படிச் சொல்லல.

— நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரி, டெஸ்ட்டை ஆரம்பிங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வராந்தாவுல டைம் ஆபீஸ்காரர் வாட்ச்சைப் பார்க்குறாரு.

— அந்தக் கண்ணாடிக் கேபினுக்குள்ள போய் உக்காருங்க. ஹெட்ஃபோனை மாட்டிக்குங்க. நான் வெளிய மிஷின்கிட்ட இருப்பேன், மைக்ல பேசுவேன். சின்னச் சின்னதாச் சத்தம் வரும். எவ்வளவு மெதுவா வந்தாலும் சரி, வந்ததும் கையில இருக்குற பட்டனை அழுத்துங்க. சரியா?

— பூ, இவ்வளவுதானா!

— உக்காந்தாச்சா? ஆரம்பிக்கிறேன்.

— இந்தா, வந்துச்சு. இந்தா, இன்னொண்ணு. இது ரொம்பச் சின்னது. ஆனா வந்துச்சு.

— பேச வேண்டாம் அக்கா, அழுத்தினாப் போதும்.

— வாயை வச்சிக்கிட்டு எப்படிச் சும்மா இருக்குறது? இந்தா. இந்தா.

— நல்லா அழுத்துறீங்க. சத்தம் எப்படி இருக்கு? கீச்சுன்னா, பூன்னா?

— சத்தம் மாதிரிதான் இருக்கு. நீங்க தோளை இப்படி லேசா இறக்குறீங்க பாருங்க, அப்பக் கரெக்டா வருது.

— ...இப்ப வந்துச்சா?

— வந்துச்சே! அழுத்தினேனே, மிஷின்ல லைட் எரியல?

— எரிஞ்சுது. இப்ப?

— வந்துச்சு.

— ஒரு நிமிஷம் அக்கா. நமக்கு நடுவுல இந்தத் திரையை இழுத்து விடுறேன். டெஸ்ட் அப்படியே நடக்கும். நீங்க அழுத்திக்கிட்டே இருங்க.

— சரி கண்ணு.

— இப்ப வருதா?

— அக்கா, இப்ப?

— இன்னும் கொஞ்சம் ஏத்தி வைக்கிறேன். அக்கா?

— அக்கா, சத்தம் பெருசா இருந்தாச் சொல்லுங்க, குறைச்சிடுறேன். வலிக்குதா?

— அக்கா, மிஷின்ல இதுக்கு மேல இல்ல. என் குரலாவது கேக்குதா? கேட்டா ஒரு தடவை அழுத்துங்க.

— கண்ணு! என்ன, திரையைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்களா? எவ்வளவு நேரம் சும்மா உக்கார்றது? மிஷின் நின்னு போச்சா?

— மிஷின் ஓடுது அக்கா.

— யாராவது இருக்கீங்களா?

— இருக்கேன் அக்கா. திரையை விலக்கிட்டேன். ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு வெளிய வாங்க. இங்க, எனக்கு எதிர்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— முடிஞ்சுதா? பாஸா?

— கொஞ்ச நேரம் சும்மா பேசலாம். டெஸ்ட்ல அதுவும் உண்டு. நான் பேசுறது விளங்குதா?

— விளங்காம என்ன? இப்பத்தானே கணீர்னு பேசுறீங்க! காலையில சாப்பிடாம வந்தீங்களோ என்னமோ, அப்பல்லாம் ஒரே இழுவை. இப்ப ஒவ்வொரு எழுத்தும் உடைச்சு வச்ச மாதிரி வருது. இப்படிப் பேசினா எவளுக்கும் டெஸ்ட்டே வேண்டாம்.

— அப்படியா அக்கா?

— சத்தியமா. தொண்டை நல்லாத் திறந்துடுச்சு உங்களுக்கு.

— ஷெட்டுல எப்படிப் பேசுவீங்கன்னு சொல்லுங்க. முந்நூறு தறி ஓடுது. அந்தக் கோடியில இருக்குறவங்க எப்படிப் பேசுவாங்க? கத்துவாங்களா?

— கத்தினா யாருக்குக் கேக்கும்? கத்த மாட்டாங்க. இந்தா, இப்படி நிமிர்ந்து, முகத்தைக் காட்டி, வாயை நல்லா விரிச்சு. உள்ள போன புதுசுல எனக்கும் ஒண்ணும் விளங்கல. எல்லாரும் மீனாட்டம் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்காங்களேன்னு சிரிப்பேன். நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் திடீர்னு கேக்க ஆரம்பிச்சுது.

— திடீர்னா?

— ஆமா கண்ணு. பக்கத்துல இருந்த ஒருத்தி ‘மாடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு’ன்னா. அவ குரலோட அப்படியே கேட்டுச்சு. அன்னைல இருந்து எல்லார் குரலும் வந்துடுச்சு. காது ஷெட்டுக்குப் பழகிடுச்சுன்னு பெரியவங்க சொன்னாங்க.

— குரலோடயா? ஒவ்வொருத்தருக்கும் வேற வேற குரலா?

— பின்ன? நாத்தனாருக்குக் கீச்சுக்குரல். சூப்பர்வைசருக்குத் தகர டப்பா. உங்களுக்கு, தப்பா நினைக்காதீங்க, உடம்புதான் ஒல்லி, குரல் நல்ல கெட்டிக் குரல்.

— இப்பக் கூடவா?

— இப்பத்தான் ரொம்பக் கெட்டி. ஏன் கண்ணு, கண்ணெல்லாம் கலங்குது?

— ஒண்ணுமில்ல அக்கா. ஹியர், லிசன் பேசினோமே, அதுல ஒண்ணு பாக்கி இருக்கு. இங்கிலீஷ்ல எழுதுறப்ப லிசன்ல நடுவுல ஒரு ‘டி’ எழுத்து வரும். எழுதணும். ஆனா சொல்லக் கூடாது. சத்தமே இல்லாம உள்ள உக்காந்திருக்கும்.

— வாயே திறக்காம உக்காந்து எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டு இருக்கும் போல. எங்க பெரிய மாமியார் மாதிரி.

— படிக்கிறப்ப எங்க வாத்தியார் ஒரு வாக்கியம் போட்டாரு. ‘ஐ லிசன்ட், பட் ஐ ஹேர்ட் நத்திங்.’ நான் காதை அனுப்பினேன், காதுக்கு ஒண்ணும் வரலன்னு அர்த்தம். இது சரியா தப்பான்னு கேட்டாரு. நான் தப்புன்னு எழுதினேன். அவர் சரின்னாரு. ஹியர் இல்லாமலே லிசன் நடக்கலாமாம்.

— நடந்து என்ன புண்ணியம்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

— நானும் இன்னிக்குக் காலை வரைக்கும் அப்படித்தான் நம்பினேன்.

— அப்புறம் என்ன ஆச்சு?

— சட்டியில ஒரு பருக்கை இல்ல அக்கா. அகப்பை நிறைய வந்துக்கிட்டே இருக்கு. பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

— புதிர் போடாதீங்க, எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்ல. அங்க பாருங்க, வராந்தாவுல. நமக்கெதுக்கு வம்பு, ஆனா நாத்தனார் அந்த ஆளோட என்ன பேச்சு பேசுறா பாருங்க.

— அது ரெட்டைக் கண்ணாடி அக்கா, சத்தம் புகாம இருக்குறதுக்காகவே போட்டது. எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

— ஒண்ணுமேவா? இவ்வளவு கிட்டத்துல இருந்துமா? அப்ப உங்களுக்குத்தான் முதல்ல டெஸ்ட் எடுக்கணும்!

— உங்களுக்குக் கேக்குதா? என்ன சொல்றாங்க? எனக்கும் சொல்லுங்க.

— அந்த ஆள் சொல்றாரு, ‘நீதானேம்மா வந்து சொன்னே, இப்ப ஏன் மாத்திப் பேசுற’ன்னு. பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல, வத்தி வச்சது இவதான்!

— அதுக்கு அவங்க?

— ‘சொன்னேன் சார். அண்ணி பின்னாடி வண்டி வந்துச்சு. துணி ஏத்துற வண்டி. ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான். அண்ணி நகரவே இல்ல. நான் புடிச்சு இழுக்காட்டி...’ கண்ணு.

— சொல்லுங்க அக்கா.

— ஹாரன் அடிச்சானா? அன்னிக்கு எந்த ஹாரனும் அடிக்கலையே. நான் சும்மாதானே நின்னேன். இவ பொய் சொல்றாளா?

— அவங்க முகத்தைப் பார்த்தா என்ன தோணுது?

— ...அழுறா. பொய் சொல்றப்ப இவ மூக்கைத் தடவுவா. தடவல.

— இன்னும் என்ன சொல்றாங்க?

— இருங்க. அந்த ஆள் குறுக்க மறைக்கிறாரு, அவ பேச்சை நிறுத்திட்டா. ஆங், நகர்ந்துட்டாரு. ‘மடிப்புக்கு மட்டும் அனுப்பாதீங்க சார். அங்க இருந்தா அவங்க செத்துப் போயிடுவாங்க. அந்த ஒரு வாரம் வீட்டுக்கு வந்து யாரோடயும் பேசல.’ நான் எப்படி இருந்தேன்னு இவ பார்த்துக்கிட்டா இருந்தா?

— மேல சொல்லுங்க.

— ‘என் தறியும் அவங்க தறியும் அடுத்தடுத்து. வண்டி வந்தா நான் தொட்டுச் சொல்றேன். இத்தனை வருஷமா நான்தானே சொல்றேன்.’ ஆமா கண்ணு, இவ எப்பப் பார்த்தாலும் என் தோளைத் தொட்டுக்கிட்டே இருப்பா. தொட்டாச்சிணுங்கின்னு நான்தான் கிண்டல் பண்ணுவேன்.

— அக்கா...

— ‘அனுப்பித்தான் ஆகணும்னா என்னையும் சேர்த்து மடிப்புக்கு அனுப்புங்க. நான் அவங்களுக்கு எதிர்ல உக்காந்துக்குறேன். முகத்தைக் காட்டிப் பேசுறதுக்கு ஒரு ஆளாவது வேணும்.’ ஜன்னலோரத் தறிக்குத்தான் அவ அலையுறான்னு ஷெட் பூரா சொல்லி வச்சிருக்கேன் கண்ணு. ரேடியோவுல போன எல்லாச் செய்தியும் சரியா இருக்குறதில்ல போல.

— அக்கா, அவங்க அங்க பேசின ஒரு எழுத்து கூட இந்தப் பக்கம் வராது. ஒரு தடவை நெருப்பு மணியே அடிச்சு எனக்குக் கேக்கல, ஆள் வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க.

— எனக்கு வந்துச்சே.

— வந்துச்சு. அதைத்தான் நான் வாயடைச்சுப் போய்ப் பார்த்துக்கிட்டு இருக்கேன். பத்து வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து காது பார்க்குறேன். ஆயிரக்கணக்குல பார்த்திருப்பேன். இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல.

— போங்க கண்ணு, ஐஸ் வைக்காதீங்க. ஃபாரத்துல என்ன எழுதுறீங்க? மடிப்புதானா?

— இல்ல. கீழ குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. இவங்களை மடிப்பு செக்‌ஷனுக்கு அனுப்பக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். பெரிய டாக்டரும் கையெழுத்துப் போடணும். நானே போய் விளக்கிச் சொல்லி வாங்கித் தர்றேன்.

— நெஜமாவா!

— எதிர்ல ஆளுங்க முகம் தெரியுற இடத்துலதான் இவங்க வேலை செய்யணும். வண்டி போற வழியில நிக்கக் கூடாது. பக்கத்துத் தறியில இவங்க நாத்தனாரே இருக்கணும். எல்லாம் எழுதிட்டேன்.

— நீங்க நல்லா இருக்கணும் கண்ணு! அந்த ரெண்டு கட்டம்? அதுலயும் ஆமாதானே?

— லிசன்ல ஆமான்னு போட்டிருக்கேன். பக்கத்துல இன்னொரு வரியும் எழுதினேன். நான் பார்த்தவங்கள்ல இவங்க அளவுக்கு யாரும் இல்லைன்னு.

— சும்மா சொல்லக்கூடாது, சரியாத்தான் எழுதியிருக்கீங்க. மேல இருக்குற கட்டம்?

— ஹியர்ல இல்லைன்னு போட்டிருக்கேன் அக்கா.

— என்னது?

— ரெண்டு காதும். அனேகமா பல வருஷமாவே. சத்தமே அனுப்பாம நான் தோளை மட்டும் இறக்கினப்ப அழுத்தினீங்க, திரைக்குப் பின்னாடி மிஷினை முழுச் சத்தத்துல வச்சப்ப ஒரு தடவை கூட அழுத்தல.

— நல்லா இருக்கே நியாயம்! எனக்கா காது கேக்காது? அப்ப இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்ததுல இருந்து நீங்க பேசின ஒவ்வொரு பேச்சுக்கும் வரி விடாம பதில் சொன்னது யாரு, செவிடியா?

— பதில் சொன்னது நீங்கதான் அக்கா. தறியில கையை வச்சுப் பார்ப்பீங்களே, அதே மாதிரி இங்க என் தொண்டையில கையை வைங்க. திரையை விலக்கினதுல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் நான் வாயை மட்டும்தான் அசைச்சுக்கிட்டு இருக்கேன். குரல் ஓடவே இல்ல.